கூத்தையாவை வைத்து ஒரு வாக்கியம்

புளியடிக்கோட்டை
12.4.2025

அன்பு மாணவி பூமயிலுக்கு,

ஆசிரியர் பொன்னுச்சாமி எழுதுவது. உன் நம்பருக்கு நாலு தடவை போன் போட்டேன். முதல் தடவை நீயே எடுத்தாய். நான் என் பேரைச் சொன்னதும் லைன் கட்டாகிவிட்டது. பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது. ராமேஸ்வரத்தில் டவர் சரியில்லை போலிருக்கிறது. சரி, நமக்குப் பழக்கமான வழி கடிதம்தானே என்று எழுதுகிறேன்.

நம் பள்ளிக்கூடத்துக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து புது வகுப்பறை கட்டியிருக்கிறார்கள். உன்னோடு படித்த முனீஸ்வரன், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறானே, அவன்தான் எல்லாம் முன்னின்று செய்தான். அந்த அறைக்கு என் பெயரை வைக்கிறார்கள். வேண்டாமென்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. ஜூன் ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை திறப்பு. நீதான் வந்து திறக்க வேண்டும். நம்ம பள்ளியில் படித்துத் தாசில்தார் ஆனது பூமயில் ஒருத்திதான், அது வராமல் ரிப்பன் வெட்ட மாட்டோம், பெயர்ப்பலகையும் மாட்ட மாட்டோம் என்று முனீஸ்வரன் ஒரே பிடியாக நிற்கிறான்.

உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும்போது நீயும் பின்னாலேயே வருவாய். களத்தில் குண்டு மிளகாய்ச் சாக்கு மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாய். அந்தப் பிள்ளை ஜீப்பில் வந்து இறங்கப் போகிறது என்றால் எனக்குப் பெருமை இல்லாமல் இருக்குமா? தினம் பத்துச் சொல்லைப் போர்டில் எழுதிப்போட்டு, அதைப் பெயர்ச்சொல்லாக வைத்து ஊர் ஆட்களைப் பற்றியே இங்கிலீஷில் வாக்கியம் சொல்லவைத்தேனே, அப்படிச் சொல்லிக்கொடுக்கிற ஆள் இன்று எந்தப் பெரிய பள்ளிக்கூடத்திலும் கிடையாது.

எனக்கு எழுபத்து நாலு நடக்கிறது. சர்க்கரையில் இடது காலில் ஒரு விரலை எடுத்தாயிற்று. இந்த ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். வேறு ஆசை இல்லை.

ஆசிகளுடன்,
பொ. பொன்னுச்சாமி, ஆசிரியர் (ஓய்வு)


ராமேஸ்வரம்
20.4.2025

சார்,

டவர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் கட் பண்ணினேன்.

இனியும் போன் பண்ண வேண்டாம். பேசினா, நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லையேன்னு சொல்லிருவீங்க. எழுதுங்க. எழுத்துல இருக்கட்டும்.

பத்துச் சொல்லைப் பத்திப் பெருமையா எழுதியிருக்கீங்க. எனக்கும் ஞாபகம் இருக்கு. ஆள் பத்தலைன்னு ஆறாவதையும் எட்டாவதையும் ஒரே ரூம்ல உக்கார வச்சிருந்தீங்க. நான் எட்டாவது, என் தம்பி கூத்தையா ஆறாவது. ‘ஹெல்ப்’னு எழுதினீங்க. “பூமயில்ஸ் மதர் இஸ் எ ஹெல்ப் இன் மை ஹவுஸ்.” கிளாஸே திருப்பிச் சொல்லுச்சு. நானும் சொன்னேன். எங்கம்மாவைப் பத்தி நல்லதாத்தான் ஏதோ சொல்றீங்கன்னு அப்ப நெனச்சேன். அவ்வளவு கூமுட்டையா இருந்திருக்கேன்.

அடுத்த சொல் ‘வேஸ்ட்’. நீங்க யோசிக்கக்கூட இல்ல. முதுகைத் திருப்பிக்கிட்டே எழுதினீங்க. “கூத்தையா இஸ் எ வேஸ்ட்.” மூணு தடவை, சத்தமா, எல்லாரும் சொல்லுங்கன்னு பிரம்பால மேசையைத் தட்டினீங்க. அவனையும் எந்திரிச்சு நின்னு சொல்லச் சொன்னீங்க. சொன்னான். பன்னெண்டு வயசு. சிரிச்சுக்கிட்டே சொன்னான், எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு.

அன்னிக்குச் சாயங்காலமே அவனுக்குப் பேரு மாறிருச்சு. வேஸ்டு. பதினஞ்சு நாள் பள்ளிக்கூடம் வந்தான். அப்புறம் வரல. கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுற ஆளுங்ககூடப் போயிட்டான். அங்கனயும் அந்தப் பேரு அவனுக்கு முன்னாடியே போய்ச் சேந்திருந்துச்சு. பெத்தவங்க வச்ச பேரு ரேஷன் கார்டுல மட்டும்தான் இருந்துச்சு.

திறப்பு விழாவுக்கு வாரேன். ஒரு கண்டிஷன். மேடையில, மைக்ல, கூத்தையாவை முன் வரிசையில உக்கார வச்சு, அந்த வாக்கியத்தை நான் எழுதினேன், அது தப்புன்னு நீங்க சொல்லணும். இல்லைன்னா முனீஸ்வரனுக்கு நான் வரலைன்னு எழுதுவேன், ஏன் வரலைன்னும் எழுதுவேன்.

பூமயில்


புளியடிக்கோட்டை
27.4.2025

தாசில்தார் அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கட்டளை கிடைத்தது.

முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். நாளைக்குப் பத்து வாக்கியம் என்று போட்டுப் பாருங்கள், எத்தனை ஆயிரம் வரும் என்று. அதில் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள நான் என்ன அரசாங்கப் பதிவேடா? எனக்கு ஞாபகம் இல்லை. எழுதியிருந்தாலும் ஒரு வாக்கியத்தால் எவனும் கெட்டுப்போவதில்லை. படிக்கிற பிள்ளை என்ன சொன்னாலும் படிக்கும். ஓடுகிற பிள்ளை ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு ஓடும். தாங்களே சாட்சி. தங்கள் தாயாரையும்தானே சொன்னேன்? தாங்கள் ஓடினீர்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாங்கள் தேர்வு எழுதிப் பாஸானது எந்த இங்கிலீஷை வைத்து? கமுதி டவுனுக்குப் போய் யாரிடமாவது டியூஷன் வைத்தீர்களா? அது நான் போட்ட பிச்சை. போட்ட கையைக் கடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஜீப்பில் வந்து கடிக்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஊரில் எங்கள் குடும்பம் மேடையேறிக் கைகட்டி நின்ற வழக்கம் இல்லை. உங்களுக்கு விருப்பம் இருந்தால் வாருங்கள்.

பொ. பொன்னுச்சாமி


ராமேஸ்வரம்
3.5.2025

சார்,

சரி, வரல. முனீஸ்வரனுக்கு எழுதின லெட்டரோட நகலை இதுல வச்சிருக்கேன். இன்னும் தபால்ல போடல. பத்தாம் தேதி போடுவேன். படிச்சுப் பாருங்க. கடைசிப் பத்தியில, வேற யாரு பேரையாவது அந்த அறைக்கு வைங்கன்னு எழுதியிருக்கேன்.

பிச்சைன்னு எழுதினீங்களே, அதைப் படிச்சுட்டு எனக்குக் கோவம் வரல. சந்தோசமாத்தான் இருந்துச்சு. இருபத்தேழு வருசத்துல நீங்க மாறலை. நான் வீணா யாரையோ வெறுத்துக்கிட்டு இருக்கேனோன்னு ஒரு பயம் இருந்துச்சு, அது போயிருச்சு.

கூத்தையா கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப என்ன நடந்துச்சு தெரியுமா? பொண்ணு வீட்டுக்காரர் கடைத்தெருவுல விசாரிச்சிருக்காரு. அப்படி ஒரு கூத்தையா யாருக்கும் தெரியல. கடைசியில ஒருத்தன், ஓ நம்ம வேஸ்டான்னு கேட்டுருக்கான். அந்தச் சம்பந்தம் அதோட போச்சு. ரெண்டு வருசம் கழிச்சு ராக்கு அவனுக்கு வாக்கப்பட்டு வந்துச்சு. அது வந்தபிறகுதான் அவன் நிமிந்து நடந்தான்.

இந்தத் தடவை கண்டிஷன் கொஞ்சம் கூடியிருக்கு. மேடையில சொல்லணும். அதுக்கு முன்னாடி எனக்கு ஹோம்வொர்க் ஒண்ணு எழுதி அனுப்பணும். நாலு சொல் தாரேன்: ஹெல்ப், வேஸ்ட், லாஸ், ஷேம். நாலையும் பெயர்ச்சொல்லா வச்சு இங்கிலீஷ்ல நாலு வாக்கியம். ஊர் ஆட்களைப் பத்திச் சொல்லணும்ல, உங்க முறைப்படி? ஒரே ஒரு ஆளைப் பத்தி எழுதினாப் போதும். உங்களைப் பத்தி.

பூமயில்


புளியடிக்கோட்டை
8.5.2025

பூமயிலுக்கு,

லெட்டரை என் மனைவி கலைச்செல்வி படித்துவிட்டாள். உன்னுடைய இரண்டையும், நகலையும். படித்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாளாய்ச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். நீ நினைத்தது நடந்தது, சந்தோஷப்பட்டுக்கொள்.

ஞாபகம் இல்லை என்று எழுதியது பொய். ஞாபகம் இருக்கிறது. அவன் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலு வாக்கியமும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மேடையில் சொல்கிறேன். முனீஸ்வரனுக்கு அந்த லெட்டரை அனுப்பாதே. எனக்கு அந்தப் பலகை வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேண்டும். பிள்ளை இல்லாதவன் நான், என் பெயர் வேறு எங்கேயும் எழுதியிருக்கப் போவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் படி. கூத்தையாவிடம் கேட்டாயா? பள்ளிக்கூடம் நடக்கிற நாளெல்லாம் காலையில் டிவிஎஸ் வண்டியில் மகள் அமுதவள்ளியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போகிறான். என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, சாப்டாச்சா சார் என்பான். அந்தப் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. சொன்னவர்களில் பாதிப்பேர் வெளியூர் போய்விட்டார்கள், மீதிப்பேர் மறந்துவிட்டார்கள். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே தெரியாது. அவன் வீட்டுக்குப் போய் அவனிடம் மட்டும் நான் சொல்லிவிட்டு வருகிறேன். அது போதாதா?

பொன்னுச்சாமி


ராமேஸ்வரம்
13.5.2025

சார்,

போதாது. வீட்டுக்குள்ள வந்து காதுல சொல்லிட்டுப் போறதுக்கு நீங்க அன்னிக்குக் காதுலயா சொன்னீங்க?

அவன்கிட்ட எதுக்குக் கேக்கணும்? அவன் என் தம்பி. கேட்டா வேணாம்னுதான் சொல்லுவான். யாரு எது பண்ணினாலும் பரவாயில்லைங்கிறதுதான் அவன் குணம், அந்தக் குணத்தை உண்டாக்கினதே நீங்க. விழாவுக்கு வாடான்னு மட்டும் சொல்லியிருக்கேன். சட்டை எடுத்துக் குடுத்திருக்கேன். மத்தது அவனுக்கு ஒரு சந்தோசமா இருக்கட்டும்.

உங்க நாலு வாக்கியம் வந்து சேந்துச்சு, முனீஸ்வரன் லெட்டரைத் தபால்ல போடல. சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கேன். ‘ஹெல்ப்’ல உங்களையே உதவின்னு எழுதியிருக்கீங்க, மார்க் இல்ல. ‘லாஸ்’ல உங்க கால் விரலைப் பத்தி எழுதியிருக்கீங்க. இரக்கம் வரும்னு நெனச்சீங்களா? மார்க் இல்ல. ‘ஷேம்’ சரி. ‘வேஸ்ட்’ சரி. நாலுக்கு ரெண்டு, பாஸ்.

மேடையில அந்தப் பழைய வாக்கியத்தை மூணு தடவை சொல்லணும், அன்னிக்குச் சொல்ல வச்ச மாதிரியே. மூணாவது தடவைக்கு அப்புறம் தப்புன்னு சொல்லுங்க. முணுமுணுன்னு சொல்லிட்டு உக்காந்துறாதீங்க. ஊருக்கே கேக்கணும்.

பூமயில்


ராமேஸ்வரம்
5.6.2025

சார்,

விழா முடிஞ்சு நாலு நாளாச்சு. நல்லாத் தூங்குறேன். உங்களுக்கு இதை எழுதணும்னு அவசியம் இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல.

நீங்க மைக்கைப் பிடிச்சு ஆரம்பிச்சீங்க. முதத் தடவை சொன்னப்பக் கூட்டத்துல யாருக்கும் புரியல. ரெண்டாவது தடவை முனீஸ்வரன் முகம் மாறிருச்சு. மூணாவது தடவை சின்னப் பிள்ளைங்க ரெண்டு பேரு உங்ககூடச் சேந்து சொன்னாங்க, கவனிச்சீங்களா? அப்புறம் நீங்க தப்புன்னு சொன்னீங்க. அழுதீங்க. எனக்கு மனசு இளகும்னு பாத்தேன், இளகல. ரிப்பனை வெட்டினேன். உங்க பலகையை நானே திரை விலக்கினேன். பேசினபடி நடந்துக்கிட்டேன்.

கூத்தையா பாதியில எந்திரிச்சுப் போயிட்டான். அழுகை வந்திருக்கும், பொம்பளைங்க முன்னாடி அழ மாட்டான். அன்னிலருந்து போன் எடுக்கல. ஊர்ல மழை பேஞ்சிருக்கு, வேலையா இருப்பான். பாத்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க.

இனி உங்ககிட்ட எனக்குக் கோவம் இல்ல. இருபத்தேழு வருசத்துக்கு அப்புறம் இதை எழுதுறேன், நல்லா இருங்க.

பூமயில்


புளியடிக்கோட்டை
24.6.2025

பூமயிலுக்கு,

உன் தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுதுகிறேன்.

விழாவுக்கு மறுநாளே பள்ளிக்கூடம் திறந்தார்கள். புது அறையை ஏழாம் வகுப்புக்கு ஒதுக்கினார்கள். அமுதவள்ளி ஏழாம் வகுப்பு. என் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே நுழையும்போதே பையன்கள் ஆரம்பித்துவிட்டார்கள். வேஸ்டு மகள் வருது, வேஸ்டு மகள் வருது. முதல் நாள் அதற்கு விளங்கவில்லை. யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்ததாம். இரண்டாம் நாள் விளங்கிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு பையன் அந்த வாக்கியத்தைப் போர்டில் எழுதி, அப்பன் பெயரை அழித்து மகள் பெயரைப் போட்டிருக்கிறான். அமுதவள்ளி ஸ்கேலால் அவன் நெற்றியில் அடித்துவிட்டது. இரண்டு தையல். ராக்கு வந்து பள்ளிக்கூட வாசலில் நின்று தலைமையாசிரியரிடம் சண்டை போட்டது. அதற்குப் பிறகு பெரியவர்களும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். டீக்கடையில் கூத்தையா நுழைந்தால் எவனாவது ஒருவன் மூன்று விரலைக் காட்டுகிறான். மூன்று தடவை என்று அர்த்தம்.

நான் போய் வகுப்பில் கண்டித்தேன். என் முன்னால் சும்மா இருந்தார்கள், நான் படி இறங்கும்போது பின்னால் கேட்டது. யாரைக் குறை சொல்ல? நான் சொன்னதைத்தான் சொல்கிறார்கள். மைக் செட் நல்ல செட், மேலத்தெரு வரை கேட்டதாம். ஊருக்கே கேட்க வேண்டும் என்று எழுதினாயே, கேட்டது.

உன்னைக் குத்துவதற்காக எழுதுகிறேன் என்று நினைப்பாய். ஆமாம், அதற்காகவும்தான். நான் கேட்டேன், அவனிடம் கேட்டாயா என்று. மறந்துபோன சொல்லை அவன் பெயரோடு மறுபடி ஒட்டவைத்தது நாம் இரண்டு பேரும். நான் முதல் தடவை விவரமில்லாமல் செய்தேன். இரண்டாம் தடவை விவரம் தெரிந்தே செய்தேன், ஒரு பலகைக்காக. நீ எதற்காகச் செய்தாய் என்று எனக்குத் தெரியாது.

பொன்னுச்சாமி


ராமேஸ்வரம்
1.7.2025

சார்,

உங்க லெட்டர் வெள்ளிக்கிழமை வந்துச்சு. சனிக்கிழமையே கிளம்பி ஊருக்கு வந்தேன். வீடு பூட்டிக் கெடக்கு. ஆட்டுக்குட்டிகளை வித்துட்டுப் போயிட்டாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. எங்கன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்கல. நான் எடுத்துக் குடுத்த சட்டை கொடியில கெடந்து காயுது, எடுத்துட்டுப் போகல. கூத்தையா என் நம்பரைப் பிளாக் பண்ணிட்டான். ராக்குவும்தான்.

உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன் சார். கதவு திறந்துதான் இருந்துச்சு. உங்க வீட்டு அம்மா உள்ள இருந்தாங்க. படியேற முடியல, திரும்பிட்டேன்.

எதுக்காகச் செஞ்சேன்னு எழுதியிருந்தீங்க. மூணு நாளா அதைத்தான் யோசிக்கிறேன். அவனுக்காகன்னுதான் நெனச்சேன். ஆனா மேடையில நீங்க பேசினப்ப நான் ஒரு தடவைகூட அவன் பக்கம் திரும்பல. உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவன் எப்ப எந்திரிச்சான்னுகூட எனக்குத் தெரியாது. டிரைவர்தான் அப்புறம் சொன்னாரு.

உங்களுக்குத் தெரியாம அவன் போயிருக்க மாட்டான். டிசி வாங்காம வேற பள்ளிக்கூடத்துல பிள்ளையைச் சேக்க முடியாது, பள்ளிக்கூடத்துல எதுன்னாலும் உங்க காதுக்கு வந்துரும். எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. நான் போய் அவன் காலுல விழணும். எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். எங்கம்மா சாகுறப்ப அவனை என் கையில பிடிச்சுக் குடுத்துட்டுப் போச்சு.

கெஞ்சிக் கேக்குறேன் சார். நாலு சொல்லுக்கு வாக்கியம் கேட்டது, சிவப்பு மையில திருத்தினது, எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேக்குறேன். ஊர்ப் பேரை மட்டும் எழுதுங்க.

பூமயில்


புளியடிக்கோட்டை
8.7.2025

பூமயிலுக்கு,

நீ வாசலில் நின்றதைக் கலைச்செல்வி பார்த்திருக்கிறாள். கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது என்றாள். இப்போது என்னோடு பேசுகிறாள்.

கூத்தையா எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். போன மாதம் இருபத்தைந்தாம் தேதி காலையில் என் வீட்டுக்கு வந்தான், நான் உனக்கு எழுதியதற்கு மறுநாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தான். எங்கள் வீட்டு நாற்காலியில் அவன் வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மகளுக்கு டிசி வாங்கித் தாங்க சார், தலைமையாசிரியர் இழுத்தடிக்கிறாரு என்றான். கம்பை ஊன்றிக்கொண்டு அவனோடு போனேன். அன்றைக்கே வாங்கிக் கொடுத்தேன். சேர்க்கப்போகிற பள்ளிக்கூடத்துக்கும் நானே போன் பண்ணிப் பேசினேன். இந்தப் பிள்ளையிடம் அதன் பெயரைத் தவிர வேறு எதையும் கேட்காதீர்கள் என்று சொன்னேன். சேர்ந்துவிட்டது. கடலோரத்து ஊர். அவனுக்கு அங்கே ஐஸ் கம்பெனியில் வேலை. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று நீ நினைப்பாய். கேட்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. காபி குடித்தான். டம்ளரைக் கழுவி வைக்கப் போனான், கலைச்செல்வி வாங்கிக்கொண்டாள்.

நீ கேட்பாய் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கிளம்பும்போது படியில் நின்று சொன்னான்: “அக்கா கேட்டாச் சொல்லிறாதீங்க சார். தாசில்தாரு, தேடினா ஒரு நாள்ல கண்டுபிடிச்சிரும். கண்டுபிடிச்சா அங்கனயும் மைக் செட்டோட வந்து நிக்கும். நாங்க அங்கிட்டிருந்தும் போக வேண்டியதாயிரும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். இனி இது விஷயமாக எனக்கு எழுத வேண்டாம்.

பொன்னுச்சாமி